எனக்குத் துப்பாக்கி மறுக்கப்படாதது பற்றிய புகார்

ஓல்டாக் கவுன்ட்டி ஷெரீப் அலுவலகம், வெஸ்டர்பர்க்.
அக்டோபர் 23, வியாழக்கிழமை, காலை 11.40 மணி.

என் பெயர் வெர்னன் ரே பிட்மன். வயது 63. வெஸ்டர்பர்க் ஊருக்கு வடக்கே மில் ரோட்டில் 4418ஆம் எண் வீட்டில் குடியிருந்து வருகிறேன். மனைவி ரொபெர்ட்டா ஆறு வருடங்களுக்கு முன் காலமானார். பிள்ளைகள் கிடையாது. இந்தக் கவுன்ட்டியின் வடக்குத் தடத்தில் முப்பத்தொரு வருடம் வண்டியில் போய்த் தபால் பட்டுவாடா செய்து, இரண்டு வருடங்களுக்கு முன் ஓய்வு பெற்றேன். என்மேல் எந்த வழக்கும் இல்லை. இந்த வாக்குமூலத்தை யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நானாக முன்வந்து கொடுக்கிறேன்.

கடந்த பிப்ரவரி, மார்ச் மாதங்களில் எனக்கு உயிரோடு இருப்பதில் விருப்பம் இல்லாமல் போயிருந்தது. இதை இப்படியே எழுதிக்கொள்ளுங்கள் என்று இந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்யும் துணை ஷெரீப்பிடம் சொன்னேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. அப்போது எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர், எங்கள் மாநிலத்தில் ஒருவர் தன் பெயரைத் தானே துப்பாக்கி விற்கக்கூடாதவர்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம் என்றும், சேர்த்துவிட்டால் எந்தக் கடைக்குப் போய்க் கேட்டாலும் கணினி மறுத்துவிடும் என்றும் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது. வீட்டில் இருந்த இரண்டு வேட்டைத் துப்பாக்கிகளையும் விற்றுவிட்டு, ஏப்ரல் 9ஆம் தேதி நீதிமன்றக் கட்டடத்தில் உள்ள பதிவு அலுவலகத்துக்குப் போய், படிவத்தை நிரப்பி, கோலீன் ஸ்டால் என்ற எழுத்தர் கையில் கொடுத்தேன். அவர் முத்திரை குத்தி, நகல் ஒன்றை எனக்குத் தந்தார். தபால் வேலை பார்த்தவனுக்குப் பெட்டியில் விழுந்தது போய்ச் சேரும் என்ற நம்பிக்கை உண்டு. அந்த நகலைச் சமையலறை இழுப்பறையில் வைத்தேன். அதன்பின் கோடை முழுதும் நன்றாகவே தூங்கினேன்.

அக்டோபர் தொடங்கியதும் பழைய நாட்கள் திரும்பி வந்தன. 16ஆம் தேதி வியாழக்கிழமை மதியம், டுவெய்ன் ஹாகன் என்பவர் நடத்தும் வேட்டைச் சாமான் கடைக்குப் போனேன். டுவெய்னை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். "வாய்யா வெர்ன், இந்த வருஷமாவது மான் கிடைக்குமா, இல்ல போன தடவை மாதிரி வேலிக் கம்பத்தைச் சுட்டுட்டு வருவியா?" என்று கேட்டார். நானும் சிரித்தேன். ஒரு துப்பாக்கியைக் காட்டி அது வேண்டும் என்றேன். அவர் கொடுத்த படிவத்தில் எதற்கும் நான் பொய் எழுதவில்லை. நான் கையெழுத்துப் போட்ட அந்தப் பட்டியலைப் பற்றி அதில் கேள்வியே இல்லை.

துணை ஷெரீப் இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தி, "நீங்க வாங்கப் போனீங்களா, இல்ல முடியாதுன்னு சொல்லக் கேக்கப் போனீங்களா?" என்று கேட்டார். இரண்டில் எது என்று சத்தியம் செய்து சொல்ல என்னால் இயலவில்லை.

அதன்பின் டுவெய்ன், எனக்குத் துப்பாக்கி விற்கலாமா என்று சரிபார்க்கும் சோதனை மையத்துக்கு என் விவரங்களைக் கணினியில் அனுப்பினார். ஐந்து நிமிடத்தில், பொறுத்திருக்கவும், பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. "என்னய்யா, பேங்குல கொள்ளை கிள்ளை அடிச்சியா?" என்றார் டுவெய்ன். நான் வெறுங்கையோடு வண்டிக்கு வந்து உட்கார்ந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்கோ தூரத்தில் ஓர் அலுவலகத்தில் யாரோ ஒருவர் என் பெயரை வாசித்துவிட்டு, இந்த ஆளுக்குக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். என்னைப் பற்றி ஒருவர் யோசித்து வெகுநாள் ஆகியிருந்தது. அதற்கடுத்த நாட்களில் தவறாமல் முகம் மழித்தேன், ஒரு பெரிய சட்டி நிறையப் பீன்ஸும் மாட்டிறைச்சியும் வேகவைத்து நேரத்துக்குச் சாப்பிட்டேன், ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் இருந்த தபால் பெட்டிக்கு வெள்ளை அடித்தேன்.

22ஆம் தேதி புதன்கிழமை காலை என் வீட்டுத் தொலைபேசி அடித்தது. பதினோரு நாளில் எனக்கு வந்த முதல் அழைப்பு அதுதான். டுவெய்ன் பேசினார். "மூணு வேலை நாள் முடிஞ்சிருச்சு வெர்ன், அவனுங்க வாயே திறக்கல. பதில் வரலேன்னா நான் விக்கலாம்னு சட்டமே இருக்கு. வந்து எடுத்துட்டுப் போ" என்றார். நான், "இன்னும் ரெண்டு நாள் பார்ப்போமே" என்றேன். "எதுக்கு? சீசன் போயிரும்யா" என்றார். காரணம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நான் போனேன். அவர் பெட்டியைக் கட்டி என் வண்டியில் வைத்துவிட்டார். டுவெய்ன்மேல் எனக்குப் புகார் இல்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது. நான்தான் சொல்லவில்லை.

அதன்பின் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தேன். பிரிக்கவில்லை. மாலை முழுதும் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. இன்று விடிந்ததும் பெட்டியை வண்டியில் ஏற்றிப் பூட்டிக்கொண்டு, அலுவலகம் திறக்கும் நேரத்துக்குப் பதிவு அலுவலகம் போய், என் நகலைக் கோலீனிடம் காட்டி, இது என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவர் ஒரு காகிதத் தட்டில் தேடி, என் படிவத்தின் அசலையே எடுத்துக் காட்டினார். கிணற்றில் போட்ட கல்லாக அது அங்கேயே கிடந்திருக்கிறது. பட்டியலில் பெயர் ஏற்றுகிற ஃபெர்ன் லிட்கே அம்மாள் மார்ச் கடைசியில் ஓய்வு பெற்றுவிட்டதாகவும், அந்த வேலைக்கான பயிற்சியும் கடவுச்சொல்லும் தனக்கு இன்னும் வரவில்லை என்றும் கோலீன் சொன்னார். "நானும் மூணு தடவை கேட்டு எழுதிட்டேன் மிஸ்டர் பிட்மன். இதுக்கு யாரும் வந்து கேட்டதே இல்லையா, அதான்..." என்று சொல்லிப் பாதியில் நிறுத்தி அழுதார். தட்டில் என் படிவத்தின் கீழே இன்னும் இரண்டு இருந்தன. அவை யாருடையவை என்று நான் பார்க்கவில்லை.

அதன்பின் அதே கட்டடத்தின் மறுவாசல் வழியாக இந்த அலுவலகத்துக்கு வந்து, பணியில் இருந்த துணை ஷெரீப் மார்லா எஸ்பினோசாவிடம், துப்பாக்கி வண்டியில் இருப்பதைச் சொல்லிச் சாவியைக் கொடுத்து, புகார் கொடுக்க வேண்டும் என்றேன். "யார் மேல சார்?" என்றார். கவுன்ட்டி நிர்வாகத்தின் மேல் என்றேன். "என்ன பண்ணாங்க?" என்றார். எனக்குத் துப்பாக்கி விற்க அனுமதித்துவிட்டார்கள் என்றேன். "கேட்டது கிடைச்சிருச்சு, அதுக்கா புகாரு?" என்று சிரித்தார். நகலை நீட்டினேன். படித்துவிட்டுச் சிரிப்பதை நிறுத்தி, எனக்குக் காப்பி கொடுத்து உட்காரவைத்து, சோதனை மையத்துடன் நாற்பது நிமிடம் தொலைபேசியில் பேசினார்.

பேசி முடித்துவிட்டு அவர் சொன்னது: பட்டியலில் என் பெயர் இன்றுவரை இல்லை. தாமதம் ஆனதும் என்னால் அல்ல. தெற்கே வேறொரு மாநிலத்தில் இன்னொரு வெர்னன் பிட்மன் இருக்கிறாராம். அவரை ஒரு வழக்கில் கைது செய்தது ஏட்டில் இருக்கிறது, தண்டனையா விடுதலையா என்பது எந்த ஏட்டிலும் இல்லை. அதைத்தான் அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் யார் என்று அங்கே யாரும் யோசிக்கவில்லை. இதைக் கேட்டபோதுதான், மார்ச்சுக்குப் பிறகு முதல் தடவையாக, எனக்கு அழுகை வந்தது.

அதன்பின் துப்பாக்கியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். குற்றம் எதுவும் இல்லாததால் பாதுகாப்புக்காக மட்டுமே வாங்கிவைக்க முடியும் என்றும், நான் திரும்பக் கேட்டால் என் பெயரைச் சோதித்துவிட்டுக் கொடுத்தாக வேண்டும் என்றும் துணை ஷெரீப் சொன்னார். "அதே கம்ப்யூட்டர்லயா?" என்றேன். "அதே கம்ப்யூட்டர்லதான் சார்" என்றார். என் பெயர் அதில் ஏற ஆறு வாரமும் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம் என்றார்.

ஆகவே இதை எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டேன்: நான் திரும்ப வந்து அதைக் கேட்டால், முதலில் என் முகத்தைப் பாருங்கள். கணினி என்ன சொன்னாலும் என்னை உட்காரவைத்து ஒரு வார்த்தை கேளுங்கள். அதற்குத் துணை ஷெரீப், "அன்னைக்கு நான் லீவுல இருந்தா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நீங்கள் வேலைக்கு வரும் நாள்வரை காத்திருப்பேன் என்றேன்.

மேலே உள்ளவற்றைத் துணை ஷெரீப் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, எதுவும் பொய் இல்லை. காத்திருப்பேன் என்று சொன்னதையும் சேர்த்துத்தான் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) வெர்னன் ரே பிட்மன்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்) மார்லா எஸ்பினோசா, துணை ஷெரீப்.
பணி நாட்கள்: செவ்வாய் முதல் சனி வரை. ஞாயிறு, திங்களில் அழைக்க என் வீட்டுத் தொலைபேசி எண் பின்பக்கம் எழுதப்பட்டுள்ளது.