அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவுல

அந்த ஷெல்ஃபையா? நகர்த்துங்க தம்பி, வெறும் டப்பாதான் இருக்கு. சுவர் முழுக்கப் பார்த்தாத்தானே இடிக்கலாமா கூடாதான்னு சொல்ல முடியும். என் வீட்டுக்காரர் கடைக்குப் போற நேரமாப் பார்த்துத்தான் உங்களை வரச் சொன்னேன். அவர் இருந்தா இன்ஜினியருக்கே பாடம் எடுப்பார்.

எதுக்கு இடிக்கணுமா? காத்து வரலை, அதான். ஏன் சிரிக்கிறீங்க? சரி, ரெண்டு ஜன்னல் இருக்கு, நல்லாவே வருது. வெளிச்சத்துக்குன்னு வெச்சுக்கோங்களேன்.

தட்டிப் பார்க்கிறீங்களா? டொக் டொக்குனு எப்படிக் கேக்குது பாருங்க! போன வாரம் அவரும் தட்டினார். வண்டி மெக்கானிக்கு. தெருமுனையில வண்டி திரும்புறப்பவே, படுத்துக்கிட்டே சத்தத்தை வெச்சே கோளாறு சொல்லிடுவார். அந்த மிதப்புல ஸ்பேனரை எடுத்துத் தட்டி, காதை வெச்சுக் கேட்டுட்டு, சத்தமே வரலை, கெட்டிச் சுவரு, இதுதான் வீட்டையே தாங்குதுன்னு தீர்ப்பு சொல்லிட்டார். எனக்குப் பக்குனு ஆயிடுச்சு. வீடு விழுமேன்னு இல்ல.

மாடியிலயா? ஆமா, இதுக்கு நேர் மேலதான் பொண்ணு ரூம் சுவரு. அப்போ தாங்குற சுவருதானா? அடப்பாவி மனுஷா, குருட்டாம்போக்குல சரியாச் சொல்லிட்டாரே!

முழுசா எடுக்கவே கூடாதா? அப்படிச் சொல்லாதீங்க தம்பி. ஓ, நடுவுல மட்டும் திறக்கலாமா? முட்டுக் கொடுத்துட்டு, மேல இரும்பு பீம் வெச்சு? அப்பாடா. எவ்வளவு அகலம்? தாராளம்!

இருங்க, நான் அடுப்புக்கிட்ட நிக்கிறேன். நீங்க ஹால்ல அவர் நாற்காலியில உட்காருங்க. சும்மா உட்காருங்க. அங்க உட்கார்ந்தா, அந்தத் திறப்பு வழியா என் மூஞ்சி தெரியுமா? அளந்தே சொல்லுங்க. தெரியுமா? நிஜமா?

அது போதும் எனக்கு. அவருக்குக் காது கேக்கலை தம்பி. கல்யாணம் ஆனதுலேருந்து நான் இங்கேருந்து பேசுவேன், அவர் அங்கேருந்து பதில் சொல்வார். எங்க சண்டைகூட சுவரைத் தாண்டித்தான். இப்போ காபி ஆறுது, வந்து எடுத்துக்கோங்கன்னா, சரி, போயிட்டு வான்னு சொல்றார். நேர்ல நின்னா மட்டும் உதட்டைப் பார்த்தே எல்லாத்தையும் பிடிச்சுக்கிறார், கள்ளன். டாக்டர்னு வாயெடுத்தா எரிஞ்சு விழறார். காதை வெச்சே பிழைச்ச மனுஷன், ஒத்துக்க மனசு வரலை. எனக்குத் தெரியும்னும் அவருக்குத் தெரியாது. மெதுவா ஒத்துக்கட்டும். ஆனா அதுவரைக்கும் நான் யார்கூடப் பேசறது, சொல்லுங்க?

கேட் திறக்குது, வந்துட்டார். காத்துக்குத்தான்னே சொல்லுங்க, என்ன? எதிர்ல நின்னு, நிதானமா. அப்புறம் தம்பி, தூசிக்குக் கட்டியிருக்கீங்களே, அந்த மாஸ்க்கை மட்டும் கழட்டிடுங்க.