கோட்டுக்கு முன் ஒரு பள்ளம்

எங்கள் காரில் ஒரு சென்சார் இருந்தது. கட்டைவிரல் அளவுகூட இல்லை. ஓட்டுபவர் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறார் என்பதை அது அளந்து, சீட்டுக்கடியில் இருக்கும் பதிவுக் கருவிக்குச் சொல்லும். நான் ஓட்டும்போது மட்டும் அது பொய் சொன்னது. என் மைத்துனன் சுஜீவன் ஓட்டினால் ஒழுங்காக வேலை செய்தது. ஒரு சென்சாருக்கு ஆள் அடையாளம் தெரியாது, மேடம். அதனால்தான் அந்தச் சிக்கல் எனக்குப் பிடிபடவே இல்லை.

உங்கள் போலீஸ் சட்டையில் நவமணி என்ற பெயரைப் பார்த்தேன். தமிழிலேயே சொல்கிறேன், நீங்கள் மெதுவாக எழுதிக்கொள்ளலாம். விபத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும்.

டிராக் ரேஸ் என்பது நேரான சாலையில் கால் மைல். இரண்டு கார்கள். விளக்கு பச்சையானதும் புறப்பட வேண்டும், முதலில் முடிவுக்கோட்டைத் தாண்டுபவர் வெற்றி பெறுவார். திருப்பம் இல்லை, முந்துவதற்குத் தந்திரம் இல்லை. அதனால்தான் எனக்குப் பிடித்தது. என்ன செய்தாயோ அதுதான் நேரமாக வெளியே வரும். பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. தவறாகக் காட்டும் எதையும் என்னால் சும்மா விட முடியாது.

பழைய சத்ரியா கார் ஒன்றை வாங்கி, பாகான் டாலாமில் முஸ்தஃபாவின் பட்டறையில் வைத்துக் கட்டினேன். எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக், எல்லாம் என் கை. முதல் சீசனில் கடைசிக்கு முந்தைய இடம். கிளட்சை விடும் விதத்தை மாற்றினேன். இரண்டாவது சீசனில் நடுவில் வந்தேன். டயர்க் காற்றைக் குறைத்தேன், பின் சீட்டைக் கழற்றினேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மேடம். இரண்டை மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. அப்படித்தான் ஒவ்வொரு படியாக ஏறினேன்.

இரண்டாவது சீசனின் கடைசிப் போட்டிக்கு முன் எனக்கு டெங்கி. என் மனைவி சிந்துஜாவின் தம்பி சுஜீவன் அன்று எனக்குப் பதிலாக ஓட்டினான். என் காரில், என் டயரில், என்னைவிடக் கனமான உடம்போடு, என்னைவிட வேகமாகப் போனான்.

காய்ச்சல் தணிந்ததும் பதிவுக் கருவியின் கோடுகளைக் கணினியில் பார்த்தேன். அவனுடைய கோடு உச்சியில் தட்டையாக முடிவுக்கோடு வரை போனது. என்னுடையதில் முடிவுக்கோட்டுக்குச் சற்று முன் ஒரு பள்ளம். ஆக்சிலரேட்டரிலிருந்து நான் காலை எடுத்ததாக அதற்கு அர்த்தம். நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எனக்குத் தெரியாதா? சென்சாரை மாற்றினேன். பள்ளம் இருந்தது. வயரை மாற்றினேன். பதிவுக் கருவியையே மாற்றினேன். பள்ளம் அதே இடத்தில் இருந்தது.

மூன்றாவது சீசனில் இருவரும் மாறி மாறி ஓட்டினோம். கோப்பைகள் அவன் ஓட்டிய நாட்களில் வந்தன. ஒரு முறை படம் எடுக்க வந்தவர் என்னைச் சற்று ஒதுங்கச் சொன்னார். சுஜீவன் என் தோளில் கை போட்டு இழுத்தான். "இவர் இல்லாம எப்படி? என் மெக்கானிக்லா இவரு!" என்றான். அந்தப் படம் எங்கள் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. நான் கையில் ஜாக்கியோடு நிற்கிறேன். ஒவ்வொரு நாளும் அதன் கீழே உட்கார்ந்துதான் காலணி மாட்டுகிறேன்.

இந்த சீசனின் இறுதிப் போட்டிக்கு ஒரு காருக்கு ஒரே ஓட்டுநரைத்தான் பதிய முடியும். அதைப் பேசுவதற்குப் பட்டறையில் கூடினோம். முஸ்தஃபா ரொட்டி சானாய் வாங்கி வந்திருந்தான். நான் ஓட்டுவதாகச் சொன்னேன்.

"அண்ணே, கோவிச்சிக்காதீங்க," என்றான் முஸ்தஃபா. "நீங்க கட்டுனா கார் பறக்கும். நீங்க ஓட்டுனா கார் சாமி கும்பிட்டுட்டுப் போகும்லா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"சென்சார் சரியானா என் டைமும் இறங்கும்," என்றேன்.

சிந்துஜா கணினித் திரையை எல்லோரும் பார்க்கும்படி திருப்பினாள். "சென்சார்ல ஒண்ணும் இல்லைங்க. நீங்கதான் கடைசில காலை எடுத்துடுறீங்க. பாருங்க, ஒவ்வொரு தடவையும். பயம். அதைச் சொன்னா என்ன, சின்னப் புள்ளைக்கே தெரியுது."

முஸ்தஃபா ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுஜீவன் அவளைத் தடுத்தான். அவன் எப்போதும் நல்லவன். "சும்மா இரு அக்கா. அத்தான், எனக்கு ஏன் பயம் இல்ல தெரியுமா? அத்தான் கட்டுன பிரேக்லா. எதுக்கு முன்னாடியே காலை எடுக்கணும்?"

சிரித்தவர்களைக்கூட என்னால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. அவன் என்மேல் பரிதாபப்பட்டான். என் காரில் உட்கார்ந்து, என் கோப்பைகளை வாங்கிக்கொண்டு, என் மனைவியின் முன்னால் எனக்கு ஆறுதல் சொன்னான். அவன் பெயரையே நான் பதிந்தேன். என் கையெழுத்து நேராக இருந்தது. நீங்கள் பார்க்கலாம்.

இப்போது எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் என் மாமியார் கமலாம்பிகை நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைப்பார். கார் அவற்றை நசுக்கிக்கொண்டு புறப்படும். இதைப் பலர் செய்கிறார்கள். மாமிக்கு இன்னொரு கட்டளையும் உண்டு. பழம் நசுங்கிய பிறகு, ஓடி முடிக்கும்வரை, பிரேக்கில் கால் படக் கூடாது. போகிற காரியத்துக்கு நாமே தடை போட்டதாகிவிடுமாம். முதல் சீசனில் வாதாடிப் பார்த்தேன். பிறகு ஒரு வழி செய்துகொடுத்தேன். முன்சக்கரம் இழுக்கும் காரில் டயரைச் சூடேற்றக் கைபிரேக்கே போதும். விளக்கருகே நிற்கவும் அதுவே போதும். கைபிரேக் கம்பியில் இயங்குகிறது, கால்பிரேக் எண்ணெயில். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. மற்றவர்கள் புறப்படும் கோட்டுக்கு வரும் வழியில் கால்பிரேக்கை ஒரு முறையாவது மிதித்துப் பார்ப்பார்கள். எங்கள் கார் மட்டும் மிதித்துப் பார்க்காது.

கால்பிரேக் எளிமையான பொருள். நீங்கள் மிதிக்கும்போது குழாயில் உள்ள எண்ணெய் தள்ளப்படும், அது சக்கரத்தைப் பிடிக்கும். எண்ணெய் நசுங்காது, அதுதான் ரகசியம். குழாயில் காற்று புகுந்தால் கதை வேறு. காற்று நசுங்கும். கால் முழுதாக உள்ளே போகும், சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச்சேராது.

இறுதிப் போட்டியன்று மதியம் எல்லோரும் நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் காரின் கீழே படுத்து, குழாய்களில் காற்றை விட்டேன். முஸ்தஃபா எட்டிப் பார்த்து, "அண்ணே, சாப்பாடு ஆறிடும்," என்றான். "பிரேக்கைப் பார்க்கிறேன்," என்றேன். பொய் சொல்லவில்லை. நிதானமாகவே செய்தேன். கோபத்தில் செய்யும் வேலை சுத்தமாக இருக்காது.

அவனைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. தயவுசெய்து அதையும் எழுதுங்கள். முடிவுக்கோட்டுக்கு அப்பால் நீண்ட சாலை இருந்தது, முடிவில் மணல் இருந்தது. அவன் ஒரே ஒரு முறை மிதித்து, அடியில் ஒன்றும் இல்லை என்று உணர வேண்டும். அதன்பிறகு அவன் ஓட்டும் கோடுகளிலும் பள்ளம் விழும். விழுந்தால் அது என் குறை இல்லை, மனிதக் கால் எதுவானாலும் அப்படித்தான் என்று நிரூபணமாகும். ஒரே ஒன்றைத்தான் மாற்றினேன்.

மாமி பழங்களை வைத்தார். "கால் வைக்காதே ராசா," என்றார். "வைக்கலம்மா, எத்தனை தடவை சொல்லுவீங்க," என்று சிரித்துக்கொண்டே சுஜீவன் கண்ணாடியை ஏற்றினான். கார் பழங்களை நசுக்கிப் போனது. அவன் கெட்டிக்காரன், விளக்கு பச்சையான கணத்திலேயே புறப்பட்டான். இதுவரை எங்கள் கார் எடுத்ததிலேயே குறைந்த நேரம் அதுதான். ஒலிபெருக்கியில் அதை அறிவித்துக்கொண்டிருந்தபோது அவன் கைபிரேக்கை இழுத்தான். அந்த வேகத்தில் கைபிரேக்கை இழுத்தால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும், கார் சுழலும். மணல் வரை அது போகவில்லை. பக்கத்துச் சுவருக்குப் போனது.

எல்லோரும் ஓடினார்கள். நானும் ஓடினேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் பதிவுக் கருவியிலிருந்து அந்த ஓட்டத்தின் பதிவை எடுத்துவிட்டேன். மறைப்பதற்காக இல்லை, பார்ப்பதற்காக. இதோ, இந்தப் பென்டிரைவில் இருக்கிறது. முடிவுக்கோடு வரை உச்சியில் தட்டை. அதன்பிறகு பிரேக் மிதித்த குறிகள், ஒன்றன்மேல் ஒன்றாக. அவன் காலும் பயந்திருக்கிறது. ஆனால் கோட்டுக்குப் பிறகு. எனக்குத் தேவைப்பட்டது கோட்டுக்கு முன்னால்.

நேற்று அவனுடைய முப்பத்தோராம் நாள் காரியம், அந்தியேட்டி, முடிந்தது. மாமி படையலில் எலுமிச்சம்பழம் வைக்க விடவில்லை. நான்கில் ஒன்று அழுகலாக இருந்திருக்க வேண்டும், தான் பார்த்து வாங்கவில்லை என்று ஒரு மாதமாகச் சொல்கிறார். சிந்துஜா அவரைத் தேற்றுகிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தேன். அதைத் திருத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பழம் காரணம் என்பதை யாரும் எழுதி முத்திரை குத்தப் போவதில்லை.

உங்கள் அறிக்கை அப்படி இல்லை. 'அனுபவமற்ற ஓட்டுநர் தேவையின்றிக் கைபிரேக்கை இழுத்தது' என்று அதில் இருக்கிறது. அதைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. முன்பக்கம் நசுங்கி எண்ணெய் முழுதும் கொட்டிவிட்டதால் பிரேக்கைச் சோதிக்க முடியவில்லை என்று ஒரு வரியில் தாண்டிவிட்டார்கள். முடியவில்லை என்றால் முடியவில்லை என்று நிறுத்த வேண்டும். தெரியாததற்கு ஒரு காரணத்தை ஒட்டவைக்கக் கூடாது. அவன் அனுபவமற்றவன் இல்லை. கையில் இருந்த ஒரே பிரேக்கைத்தான் இழுத்தான். சரியான காரணம் நான். அதைச் சொல்லத்தான் படகேறி வந்தேன்.

படகில் அவனுடைய பதிவுக் கோடுகளையும் என்னுடையவற்றையும் மறுபடி ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். விடை கிடைத்தது. சென்சாரில் பழுதே இல்லை. கோட்டுக்கு முன் காலை எடுத்தது நான்தான், ஒவ்வொரு முறையும். அந்தப் பிரேக்கில் என்னென்ன தவறலாம் என்று கட்டியவனுக்குத் தெரியும், அதனால் என் கால் முடிவுக்கோடு வரை காத்திருக்கவில்லை. சுஜீவனுக்கு அது எதுவும் தெரியாது. பிரேக்கைக் கட்டியது நான் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். அதனால் அவன் காலை எடுக்கவில்லை.