லாவண்யா வச்ச புள்ளி

ஹலோ... ஹலோ, கேக்குதுங்களா? கொளஞ்சியம்மா அக்காதானே, லாவண்யா அம்மா?... நான் சத்யப்பிரியா பேசறேன். ஸ்கூல்லேருந்து. லாவண்யாவோட கணக்கு டீச்சர்... ஆமா... ஆமாங்க, பெரம்பலூர் டீச்சர்தான்.

...

இல்லக்கா, அவ காரியத்துக்கு வர முடியல... ச்சே, பொய் எதுக்கு. வந்தேன். உங்க தெருமுனை வரைக்கும் வந்தேன். பந்தலைப் பாத்தேன். அப்படியே திரும்பி பஸ் ஏறிட்டேன்... மன்னிச்சுக்கங்க.

டேப்பா? ஆமா, எச்.எம். சார்தான் கேக்கச் சொன்னாரு, அவளுக்குக் குடுத்த ஸ்கூல் டேப்லெட்டை... அய்யோ, தூக்கிக்கிட்டு வராதீங்க! அது சும்மா ஒரு சாக்கு. நான் வேற ஒண்ணு சொல்லணும். மாறுதல் கேட்டு லெட்டர் எழுதி பைக்குள்ள வச்சிருக்கேன். நாளைக்குக் குடுத்துட்டு லீவு போட்டுருவேன். அதுக்குள்ள உங்ககிட்ட சொல்லிடணும். சொல்லாம போனா நான் மனுஷியே இல்ல.

...

சொல்றேன், சொல்றேன். எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியல... வகுப்புல பெரிய டிவி மாதிரி ஒரு போர்டு இருக்குல்ல, பிள்ளைங்க டேப்புல தொட்டா அதுல நவுரும்... ஆங், அதேதான். அதுல உங்க ஊரு மேப்பைப் போட்டேன். எல்லாப் பிள்ளைங்களும் அவங்கவங்க வூட்டு மேல ஒரு புள்ளி வச்சு, பேரு எழுதுச்சுங்க. லாவண்யா புள்ளி இன்னும் இருக்கு. அழிக்கலாம்னு போனேன், கை வரல.

அக்கா, பயப்படாதீங்க... அந்தப் புள்ளி நவுருது.

... ஆமா, தானா! நாலு நாளா. காலையில ஒம்போது மணிக்கு ஒருவாட்டி, சாயங்காலம் நாலு மணிக்கு ஒருவாட்டி. அவகூடப் படிக்கற பிரவீணா பாத்துட்டு ஓன்னு கத்திட்டா. நெட்டு கோளாறும்மான்னு அவளை அதட்டிட்டு, நான் போயி பாத்ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டேன். ராத்திரி கண்ணை மூடுனா புள்ளிதான். மந்திரிச்ச கயிறு வேற கட்டியிருக்கேன் கையில. கணக்கு டீச்சராம்!

...

இல்ல, பிள்ளைங்க போயிடுச்சுங்க. நான் மட்டுந்தான்... இந்தா! இந்தா, இப்பவும்! மணி நாலு. ஸ்கூலை வுட்டுக் கெளம்புது... முருகா... அக்கா, ஒரு நிமிசம். அந்த டேப்பு இப்ப யாரு கையில இருக்கு?

...

உங்க மடியிலயா?

...

உங்க வெரலா அது? அங்கேருந்து தொட்டாலும் இங்க நவுருதா?... அட கடவுளே... இல்ல, திட்டல, திட்டல. தொடுங்க. நல்லாத் தொடுங்க... உங்களுக்கு அவ பேரை மட்டும் வாசிக்கத் தெரியுமா? அவளே சொல்லிக்குடுத்தாளா?... அழாதீங்க. நீங்க அழுதா நான் சொல்ல வந்தது வாயிலயே நின்னுடும்.

அக்கா, அந்தக் குழி வழியா அவ ஏன் போனான்னு எல்லார்கிட்டயும் கேட்டீங்களே... நான்தான்.

...

நான்தான் காட்டுனேன். ரெண்டு புள்ளிக்கு நடுவுல ஒரே ஒரு நேர்கோடுதான் போட முடியும், அதுதான் இருக்கறதுலயே குறுக்கு வழின்னு பாடம். வூட்டுலேருந்து ஸ்கூலுக்குக் கோடு இழுங்கடான்னேன். பிள்ளைங்களுக்கு ஒரே குஷி. உங்க வூட்டுக்கு ரோட்டுல ரெண்டரை கிலோமீட்டர், கோட்டுல ஒண்ணுகூட இல்ல. கோடு ஒரு வெள்ளைத் திட்டு மேல போச்சு. ஏதோ பொட்டல்னு நெனச்சேன். சுண்ணாம்புக்கல்லு வெட்டிட்டு வுட்ட குழின்னு எனக்கு எங்க தெரியும்? காலையில பஸ்ஸுல எறங்கி சாயங்காலம் பஸ்ஸுல ஏறுறவ. மேப்புல இருந்தது கோடையில வானத்துலேருந்து எடுத்த படம்க்கா. காஞ்சு வெள்ளையா இருந்துச்சு. மழையில தண்ணி ரொம்பிக் கெடக்குமான்னு ஒரு வார்த்தை... ஒரு வார்த்தை உங்க ஊருல யாரையாவது கேட்டிருக்கலாம்.

அவ எழுந்து, டீச்சர், எங்க வூட்டுக்கு இப்படிப் போனா பத்தே நிமிசம்னா. நான் வெரி குட்னு சொன்னேன். வெரி குட்னு சொல்லி எல்லாரையும் கை தட்டச் சொன்னேன்க்கா! மறுநாள் சாயங்காலம்தான் அவ அந்தக் குழித் தண்ணியில...

...

ஹலோ?... அக்கா, லைன்ல இருக்கீங்களா?... திட்டுங்க. மண்ணை வாரித் தூத்துங்க.

...

என்னது?... தெரியுமா? எப்படி?... அந்தக் குறுக்கு வழியை அன்னைக்கு ராத்திரியே சொன்னாளா? நீங்க அடுப்புல வேலையா... சரிடின்னுட்டீங்களா... அதை வெளிய சொல்ல முடியாமத்தான் எல்லார்கிட்டயும் கேட்டீங்களா... அய்யோ, உங்க மேல என்ன தப்பு? கேக்காதீங்க, அப்படிக் கேக்காதீங்க என்னைய.

...

ஆமா, நவுந்துக்கிட்டுத்தான் இருக்கு. பாக்கறேன்... ரோட்டு மேலயே வருது... ரேஷன் கடை தாண்டியாச்சு... ம்ம்... அந்த வெள்ளை, அதான் குழி. வெரலை வலது பக்கம் தள்ளுங்க... இன்னும் கொஞ்சம்... அப்படித்தான். மாரியம்மன் கோயில்... உங்க தெரு... வந்துட்டா. வூட்டுக்கு வந்துட்டாக்கா.

...

அவ இழுத்த கோடா? ஆமா, அது குழி மேலதான் கெடக்கு. ரோடு சுத்தி வந்தாலும் கோடு அங்கதான் வுழும்... வளைக்க முடியாதுக்கா. எப்படிப் போட்டாலும் வளையாது. நான் சொல்லிக்குடுத்த பாடமே அதுதான்... இருங்க. நான் கோட்டையே எடுத்துடறேன்... ம். போயிடுச்சு. புள்ளி மட்டும் இருக்கு. தெரியுதா?

...

நாளைக்கா?... ஒம்போது மணிக்கு அவளை ஸ்கூலுக்கு அனுப்புவீங்களா?

... நான் நாளைக்கு லெட்டர் குடுத்துட்டு...

... நான்தான் நின்னு பாக்கணுமா?... ஆமா... ஆமா. நான் காட்டுன வழிதானே. வந்து சேந்தாளான்னு நான்தான் பாக்கணும்.

...

சரிக்கா... சரிங்க. போர்டுகிட்டயே நிக்கறேன்... இல்ல, எங்கயும் போகல. லெட்டரைக் கிழிச்சுடறேன். டேப்பு உங்ககிட்டயே இருக்கட்டும், சார்கிட்ட நான் பேசிக்கறேன்... சத்தியமா இருப்பேன்.

அக்கா... அவளைச் சுத்தியே வரச் சொல்லுங்க. லேட்டானா பரவாயில்ல. பெல் அடிச்சுட்டாலும் பரவாயில்ல, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்... ம்... வச்சிடுங்க. நீங்க மொதல்ல வைங்க.