ஊருக்குப் போகாத கால்

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் பஸ்ஸில், முன் சீட்டிலிருந்த அம்மாள் பக்கத்துச் சீட்டுக்காரியிடம் சொன்னார்:

"எங்க வூட்டு ஃப்ரிட்ஜுல, தயிர் பக்கத்துல, நாய்ப்பீ கீது."

நான் டிபன் டப்பாவைத் திறக்காமலே பையில் வைத்தேன்.

"ஐயய்யே! எதுக்குக்கா?"

"மருமவ ஆராய்ச்சி. நாய் அசிங்கம் பண்ண பீச் மணல்ல வெறுங்கால்ல நடந்தா, தோலுக்குள்ள புழு ஏறிடுதாம். டூரிஸ்டுங்களுக்கு வர்ற வியாதியாம்."

"எங்கூட்டுக்காரருக்கும் கால்ல அப்பிடித்தான் கோடு கோடா ஓடுது. நாளெல்லாம் சொறிஞ்சிகினு கீறாரு. உங்க மருமவ பாப்பாங்களா?"

"எந்த ஊருக்குப் போய்ட்டு வந்தாரு?"

"எங்கயும் போவல. நம்ம மாமல்லபுரம் பீச்சுலதான் சுண்டல் விக்கிறாரு."

"அப்ப சேத்துக்க மாட்டா. வெளியூர்லருந்து வந்தவங்களுக்கு மட்டுந்தான் ஆராய்ச்சி."



"ஏங்க்கா, ஒரு தபா பாண்டிச்சேரி போய்ட்டு வரச் சொல்லட்டா?"