ரெண்டு பக்கமும் இழுக்கற கதவு

இல்லீங்க தம்பி, வண்டி இங்க இல்ல. விடியக்காலம் சிப்காட் கேட்டுக்குப் போனது, இப்ப திரும்பற நேரந்தான். உக்காருங்க. அந்தச் சேர் வேணாம், கால் ஆடும், இப்படி வாங்க. அத்திப்பள்ளி நெரிசல்ல மாட்டி வந்திருக்கீங்க, மோர் குடிங்க மொதல்ல.

எம் மவன் ஆனந்தராஜ் போன் பண்ணான். என்னோட வேல செய்யற ஸ்ரீராம் வர்றான், ஆம்னி வேனக் குடுத்தனுப்புன்னான். இரவல் வாங்கின குடத்தக் குடுத்தனுப்புன்ற மாதிரி. குடுக்கலாமா வேணாமான்னு ஒரு வார்த்த கேக்கல. அதனால உங்ககிட்ட மொதல்லயே சொல்லிர்றேன், வண்டி வெலைக்கு இல்ல.

சிரிக்காதீங்க, வெல ஏத்தறதுக்குச் சொல்லல. இவ்ளோ தூரம் வந்துட்டீங்க, ஏன் இல்லன்னு கேட்டுகினே போங்க.

உங்க கூட்டம் எதுக்குன்னு சொன்னீங்க? ம்ம், கம்பெனி நிறுத்திட்ட காரெல்லாம் திரும்ப வரணும்னு ஆசப்படறவங்க. நல்ல ஆசதான். யாரு எத கேக்கறாங்க? கான்டெஸாவா? வரட்டும். ஆனா அத வாசல்ல நிறுத்தறதுக்கு எங்க தெருவயே காலி பண்ணணும். சுமோவா? கல்லாவியில எங்க மாமன் மவன் ஒருத்தன் வெச்சிருந்தான். கல்யாணத்துக்கு ஆள் ஏத்துவான் பாருங்க, எறங்கும்போது யார் கால் யாருதுன்னு தேடணும். அம்பாசடர்ல ஏறினா நம்மளுக்கே ஒரு மந்திரி நெனப்பு வந்துரும். எல்லாம் வரட்டும் தம்பி, நான் குறுக்க நிக்கல.

ஆம்னி கேக்கறவங்களும் இருக்காங்களா? அப்படிச் சொல்லுங்க. சினிமாக்காரங்க இத வெச்சிப் பொண்ணுங்களத் தூக்கறத மட்டுந்தான் காட்டினாங்க. எங்க வண்டி மொதமொதல்ல இந்தத் தெருவுக்கு வந்தப்ப, பக்கத்து வீட்டு சபீஹா அவங்க பொண்ணு ஸோயாவ வெளியவே விடல. அப்புறம் அந்த ஸோயா பரீட்சைக்குப் பஸ்ஸ விட்டுட்டு அழுதுகினு நின்னப்ப, கொண்டுபோய் விட்டதே இந்த வண்டிதான். குழம்பு வாசனையோடதான் போயி பரீட்ச எழுதுச்சு.

சரி, வாங்கி என்ன பண்ணுவீங்க? வெள்ளப் பெயிண்டு அடிச்சி, சீட்டெல்லாம் கம்பெனில வந்த மாதிரியே போட்டு, ஞாயித்துக்கெழம மட்டும் வெளிய எடுப்பீங்க. ஓகோ. பின் சீட்டு எங்ககிட்ட இல்லீங்களே. கழட்டிப் போட்டு எத்தினியோ வருசமாச்சு. அது இருந்த எடத்துலதான் இப்ப இட்லி, களி, குழம்பு அண்டாவெல்லாம் நிக்குது.

கேட்டுல நாங்க சாப்பாடு விக்கறத ஒரு நா வந்து பாருங்க. ஷிப்ட் மாறற நேரம் கம்பெனி பஸ்ஸுங்க மூக்கும் வாலுமா நிக்கும். ரெண்டு பஸ்ஸுக்கு நடுவுல ஆம்னிய குறுக்க சொருகிட்டு எங்க வீட்டு சத்யா கதவ இழுப்பா. வெளிய தொறக்கற கதவா இருந்தா பஸ்ஸுல இடிக்கும். இது வண்டியோட ஒட்டிகினே பின்னால போயிரும். ஆனேக்கல் பக்கத்துப் பசங்க இடது கதவுக்கு வந்து முத்தே குடுங்கம்பாங்க. ஊத்தங்கர, சாமல்பட்டிப் பசங்க வலது கதவுக்கு வந்து களி குடுங்கம்பாங்க. ரெண்டும் ஒரே கேவுரு களிதான், ஒரே அண்டாதான். அந்தப் பக்கம் கன்னடம், இந்தப் பக்கம் தமிழ், இவ நடுவுல மண்டி போட்டுத் திரும்பித் திரும்பிக் குடுப்பா. அவசரத்துல சாமல்பட்டிக்காரன்கிட்ட கன்னடத்துல பேசிருவா. அவனும் ஊம்னு தலையாட்டிட்டு வாங்கினு போவான். சங்கு ஊதறதுக்குள்ள அத்தன பேர் வயிறும் ரொம்பணும்ல.

வேற வண்டியா? அதையும் பாத்தாச்சு. போன பொங்கலுக்கு இது ஒர்க்சாப்புல கெடந்தப்ப, எதுத்த வீட்டுப் பெரியதம்பியோட புதுக் கார இரவல் வாங்கினோம். அண்டா பின் கதவுல நொழையல. டிக்கில ஏத்தனோம். குழம்பு அலம்பி அவர் வண்டிய நாசம் பண்ணிருமேன்னு நாந்தான் பெரிய புத்திசாலியாட்டம், கேவுரு மாவப் பெசஞ்சி எல்லா அண்டா மூடியச் சுத்தியும் அப்பிட்டேன். சூட்டுல அது காஞ்சி செங்கல்லு மாதிரி ஆயிருச்சு. கேட்டுல போயி ஒரு மூடியும் தொறக்கல. பசங்க ஸ்பேனர் எடுத்தாந்து அடிக்கறாங்க, சங்கு ஊதிருச்சு. அன்னிக்கு அத்தன பேரும் பட்டினியா உள்ள போனாங்க. அடுத்த ஒரு வாரம் என்னப் பாத்தா, பாட்டிம்மா ஸ்பேனர் கொண்டாரட்டுமான்னு நக்கலு.

ஆமா, பாதுகாப்பு இல்லன்னுதான் நிறுத்தினாங்க, தெரியும். முன்னால மூக்கு இல்லாத வண்டி, இடிச்சா நேரா முட்டிதான். நான் இல்லன்னு சொல்லல. அதனாலதான் சத்யா ஹைவேஸ்ல ஏத்தவே மாட்டா, சர்வீஸ் ரோட்டோட சரி. கம்பெனி திரும்பச் செய்யட்டும், மூக்கு வெச்சே செய்யட்டும், நாங்களா வேணாங்கறோம்? ஆனா கதவுல மட்டும் கை வெக்கக் கூடாது. உங்க கூட்டத்துல சொல்லுங்க இத. நாகம்மா சொன்னான்னே சொல்லுங்க.

எங்க வீட்டுக்காரரு பொன்னுசாமி இருந்தவரைக்கும் அவருதான் ஓட்டினாரு. அவரு போனதும் வண்டி வெயில்ல நின்னுச்சு. வித்துரும்மான்னான் ஆனந்தராஜ் அப்பவே. சத்யா அடுத்த நா சாவிய எடுத்துகினு போயி மைதானத்துல தானே ஓட்டிப் பாத்தா. கம்பத்துல ஒரு இடி, சுவத்துல ஒரு இடி. அந்த ஒடுக்கு இன்னும் இருக்கு, போட்டோவுல பாத்துட்டு நீங்க தட்டி நிமுத்தணும்னு ஆசப்பட்டீங்களே, அதான். பொம்பளைக்கு எதுக்கு வேனுன்னு தெருவே கேட்டுச்சு. இன்னிக்கு அந்த வண்டியாலதான் இந்த வீட்டுல அடுப்பெரியுது, அவ கொழந்த இங்கிலீசு ஸ்கூல்ல படிக்குது.

நீங்க என்னா குடுத்தாலும் சரி தம்பி, குடுக்கறதுக்கு அது எங்கிட்ட இல்ல. போன மாசமே ஆர்டிஓ ஆபீசுக்குப் போயி அவ பேருக்கு மாத்திட்டேன். ஆனந்தராஜுக்குத் தெரியாது. தெரிஞ்சா தெரியட்டும். என் வண்டி, எங்கூட யாரு நிக்கறாங்களோ அவங்களுக்கு எழுதினேன்.

சத்யா எம் மகளான்னா? வயித்துல பொறந்தவ இல்ல. மருமவ.

எனக்கு எத்தன பசங்களா?

ஒரே பையந்தான் தம்பி.

ஏன் டம்ளரக் கீழ வெச்சிட்டீங்க? குடிங்க, புளிக்காது. உங்க ஆபீசுல அவனுக்குக் கல்யாணமே ஆவலன்னு சொல்லி வெச்சிருக்கானா? ஓ, தை மாசம் கல்யாணம்... பத்திரிகையே குடுத்துட்டானா. நல்லது. செலவுக்குத்தான் வண்டிமேல கண்ணு போயிருக்குது. நானும் என்னாடா திடீர்னு அம்மா நெனப்புன்னு பாத்தேன்.

உங்க மேல கோவமில்ல. நீங்க வண்டிக்கு வந்தவரு, உங்களுக்கு என்னா தெரியும். எந்திரிக்காதீங்க, உக்காருங்க. தோ சத்தம் கேக்குது பாருங்க, அவதான் திரும்பறா. வண்டிக்காரி அவ, குடுக்கறதோ மாட்டேங்கறதோ அவ வாயால சொல்லட்டும். உங்கள யாரு அனுப்பிச்சதுன்னு கேப்பா. பையில அந்தப் பத்திரிக இருந்தா எடுத்துக் கையில வெச்சிக்கங்க.