நாச்சம்மாளின் சோளத் தொட்டிகள்

— அப்ப இந்த முக்காலி எம்பொண்ணுதுங்களா அம்மணி?

— அவுகளுதுதான்யா. மொத டீயக் குடிங்க. நான் டீ வாங்கப் போன நேரத்துல தனியா இருந்து அழுதீகளா? கண்ணெல்லாம் செவந்து கெடக்கு.

— அழுவலீங்க. பின்னால கண்ணாடி ஊட்டுக்குள்ள சித்தெ நேரம் நின்னுட்டு வந்தனுங்க. இப்பத்தான் மனசு ஆறுச்சு. மத்தவிகளயும் சொல்லுங்க. அவ யார் யாரோட இருந்தான்னு தெரிஞ்சுக்கணும்.

— சன்னலோரம் ஏசுதாஸ் சாரு எடம். யூனிவர்சிட்டியில இந்த ஆராய்ச்சிக்கூடத்துக்கே அவருதான் பெரியவரு. நாச்சம்மா தவறிட்டாகன்னு தந்தி வந்த அன்னிக்கு அவரு பச்சத்தண்ணி குடிக்கல.

— அந்த மைக்ராஸ்கோப்புங்க?

— கருத்தப்பாண்டி அண்ணனுது. செடியோட குருத்த முடி கனத்துக்குச் சீவிப் பாப்பாரு. வண்டிப்பெரியாரு எஸ்டேட்டு லயத்துல எங்க பக்கத்து வீடு. ‘உங்க வடகரப்பதியில சோளத்த விட்டா என்ன இருக்கு’ன்னு நெதம் நாச்சம்மாவ வம்புக்கு இழுப்பாரு.

— நீங்க?

— நான் வேலுத்தாயி. முன்ன கொழுந்து கிள்ளுனேன், இப்ப இங்க தொட்டி கழுவுறேன். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக் குடுத்ததே உங்க மகதான்யா.

— எழுவத்திரண்டுல எங்கூர்ல கெணறு வத்தி சோளம் பூராக் காஞ்சு போச்சுங்க. பத்துச் சோளத்தட்டு மட்டும் உசுரோட நின்னுது. எம்பொண்ணு அதுல ஒரு கதிரக் கேட்டு வாங்கிட்டா. மத்தத மாட்டுக்கு அறுத்துப் போட்டனுங்க.

— அந்த வெதையில மொளச்சதுதான்யா கண்ணாடி வீட்டுக்குள்ள நிக்குது. தண்ணி இல்லாம அது எப்பிடிக் குருத்தக் காப்பாத்துதுன்னுதான் அவுக ஆராய்ச்சியே. இருபத்தோரு நாள் பொட்டுத் தண்ணி காட்டாம வச்சு, கடைசியில குருத்த அறுத்துப் பாக்கணும். நாலாம் நாளு காச்சலோட ஊருக்குப் போனாக. அப்பறம் நாங்க மூணு பேரும் முறை வச்சுக் காத்தோம். கூரை ஒழுகுனா சாரு தன் சட்டையக் கழட்டி அடைப்பாரு.

— இன்னிக்கு எத்தனாவது நாளுங்க?

— இருபது. நாளைக்கு அறுத்துப் பாத்துட்டா, எல்லாம் அவுக பேருலயே அச்சுல வரும்னு சாரு சொன்னாரு. வெதை ஒத்த மணி மிச்சமில்ல... ஏன்யா டீயக் கீழ வச்சிட்டீக?

— அங்க ஒரு கொடம் இருந்துச்சுங்க.

— ஆமா, தொட்டி கழுவுற தண்ணி.

— நம்ம காட்டுச் சோளம்னு பாத்ததுமே தெரிஞ்சுதுங்க. எல சுருண்டு கெடந்துச்சு. எம்பொண்ணு போனப்பறம் பாக்க ஆளில்லாமக் காயுதுன்னு...

— அய்யா, எத்தன தொட்டிக்கு?

— பன்னண்டுக்கும் ஊத்திட்டனுங்க. எம்பொண்ணு பேர நானே அழிச்சுப்போட்டேன்.

— உக்காருங்கய்யா. தப்பு எம்மேலதான், நாந்தான் மறந்துட்டேன். இந்தாங்க, இது அவுக நோட்டு. மொதப் பக்கத்துல எங்களுக்கு ஒண்ணு எழுதி வச்சாக. அன்னிக்கு எல்லாரும் சிரிச்சோம்.

— கண்ணு மறைக்குதுங்க. நீங்களே படிங்க.

— ‘எங்கப்பா என்னைப் பார்க்க வந்தா, இருபத்தோரு நாள் முடியற வரைக்கும் கண்ணாடி வீட்டுக்குள்ள விட்டுடாதீங்க. வாடின பயிரைப் பார்த்தா அவரால தண்ணி ஊத்தாம இருக்க முடியாது.’