உரப்பையில் கீறின படம்

ரஜிதன்: அம்மா, உள்ளுக்கு வாங்கோ. ஏன் வாசல்லயே நிக்கிறியள்?

விமலேஸ்வரி: செருப்பைக் கழட்டோணுமே தம்பி?

ரஜிதன்: கண்காட்சியம்மா, கோயில் இல்லை. போட்டுக்கொண்டு வாங்கோ.

விமலேஸ்வரி: ஒருத்தரும் வாய் திறக்கினமில்லை... எனக்குக் கோயில் மாதிரித்தான் கிடக்கு.

ரஜிதன்: அங்க பாருங்கோ. அந்தச் சனம் நிக்கிற படம்.

விமலேஸ்வரி: அது... எங்கட யூரியாப் பையெல்லே?

ரஜிதன்: ஓம். வெட்டி விரிச்சு, சுவர் பெயின்ற்றால கீறினது. படம் கீறுற துணி வாங்க எங்களுக்குக் கட்டுமே?

விமலேஸ்வரி: நான் அண்டைக்கு...

ரஜிதன்: நீங்கள் கழுவி, அதில உழுந்து காயப்போட்ட பைதான்.

விமலேஸ்வரி: வெறும் பையெண்டு நினைச்சிட்டன் மோனை.

ரஜிதன்: மூண்டு மாசம் கீறினது. அண்டைக்குத்தான் மேசன் வேலைக்கு வாறனெண்டு சிற்றம்பலம் மாமாட்டச் சொன்னனான்.

விமலேஸ்வரி: பேந்து ஏன் இதைக் கொண்டந்து கொழுவினனீ?

ரஜிதன்: எறியத்தான் எடுத்தனான். வெயிலில பிடிச்சுப் பாத்தன்... எறிய ஏலாமப் போச்சு. கழுவினதில உங்கட முகமும் போச்சு, வயலும் போச்சு. களை பிடுங்கிற கை மட்டும் நிக்குது.

விமலேஸ்வரி: அந்த மனிசி கண்ணைத் துடைக்கிறா.

ரஜிதன்: வந்ததில இருந்து அதிலதான் நிக்கிறா.

விமலேஸ்வரி: என்ர கையைப் பாத்தே? கூலிக்குக் களை பிடுங்கிற கையை... கடவுளே.

கஜனி: ரஜிதன், இவாதானே அம்மா?

ரஜிதன்: ஓம் அக்கா. அம்மா, இது கஜனியக்கா. கண்காட்சி இவான்ர பொறுப்பு.

கஜனி: காலமை தொடக்கம் உங்கட கையைத்தான் அம்மா பாத்துக்கொண்டிருக்கிறம். ரஜிதன், கொழும்புக் கலைக்கூடத்தில இருந்து வந்தவை முடிவு கேக்கினம். ஒரு வருசம் அங்க தங்கிக் கீறலாம், சாப்பாடும் அவை பாப்பினம். முகத்தை எப்பிடி இப்பிடி அழிச்சனீரெண்டும் கேக்கினம்.

ரஜிதன்: வந்து சொல்லுறன் அக்கா.

கஜனி: கெதியா வாரும். நாலு மணிக்கு வெளிக்கிட்டிடுவினம்.

விமலேஸ்வரி: என்ன சொல்லப்போறாய்?

ரஜிதன்: உள்ளதை. அம்மா தெரியாமக் கழுவினதால வந்த படம், இனி என்னால இப்பிடியொண்டு ஏலாதெண்டு. திங்கக்கிழமை மாமாவோட வேலைக்குப் போறன்.

விமலேஸ்வரி: அப்பிடிச் சொல்லாத.

ரஜிதன்: பொய் சொல்லச் சொல்லுறியளோ?

விமலேஸ்வரி: நீ சொல்லப்போறதுதான் பொய்.

ரஜிதன்: எதம்மா?

விமலேஸ்வரி: தெரியாமக் கழுவேல்லையடா. மாமா எத்தினை தரம் கூப்பிட்டும் போகாமல் இதோடயே கிடந்தாய். ஆத்திரத்தில தேங்காய்ப் பொச்சால போட்டுத் தேய்ச்சனான். முதல்ல முகத்தை... பேந்து வயலை. நீ கீறின கைக்கு வந்தா, என்ர கையில கத்தி வெட்டின தழும்பு கூட அப்பிடியே இருந்தது. பொச்சைக் கீழ போட்டிட்டன். அதை நான் தொடவேயில்லை. இவ்வளவு சனமும் பாக்கிறது நீ கீறினதை மட்டும்தான் ராசா. போ, கொழும்புக்கு வாறனெண்டு சொல்லு.